அக்கா நடந்த இருபத்தெட்டுப் படங்கள்

அக்காவைப் பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால், அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் உட்கார்ந்துவிட வேண்டும். மற்ற வீடுகளில் பெண் உள்ளேயிருந்து காப்பித் தட்டோடு நடந்து வருவாள். எங்கள் வீட்டில் பெண் பாயில் உட்கார்ந்திருப்பாள். தட்டு மட்டும் நடந்து வரும். அதைத் தூக்கி வருகிறவள் நான். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

இது அம்மாவின் ஏற்பாடு. அக்காவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்து, அந்தக் காலை நேராக நிறுத்திக்கொண்டுதான் அவளால் வலது காலை எடுத்து வைக்க முடியும். ஒவ்வொரு முறையும் உடம்பு இடது பக்கம் சாய்ந்து நிமிரும். அப்படியே நடந்துதான் அவள் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள், மாட்டுக்குத் தீனி வைத்தாள், என்னை அடிக்கத் துரத்தினாள். பெரும்பாலும் பிடித்தும் விடுவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் நடை அதுதான் என்பதால், அதில் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வெளியாட்களிடம் பேச நேர்ந்தால் அம்மா, கால்ல சின்னதா ஒரு இது, என்று மென்று விழுங்குவாள்.

உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் அந்த 'இது' எல்லோருக்கும் தெரியும். அதனால் தரகர் தூரத்து ஊர்களாகப் பார்த்துக் கூட்டிவந்தார். இரண்டு இடம் வந்தது. முதலில் வந்தவர்கள், இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியதால் தப்பித்தோம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களில் ஒரு பெரியம்மா, எழுந்து நாலு அடி நடம்மா என்று கேட்டுவிட்டாள். அக்கா நடந்தாள். பெரியம்மா பாதி கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டாள். முறுக்கு நல்ல முறுக்கு. அதில் என்ன குறை கண்டாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது தாமல் சம்பந்தம். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம். பையன் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கிறவர். முதலில் போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். உத்திரமேரூர் ஸ்டுடியோவுக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைத்தெரு முழுக்க அக்கா நடந்தாக வேண்டும். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு நைனா கடிதம் எழுதினார். சித்தப்பா கூட வேலை செய்கிறவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினார். உள்ளே முப்பத்தாறு படத்துக்கான பிலிம் இருந்தது. அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு அம்மா தன் முகூர்த்தப் பட்டைக் கட்டிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தெரியாதபடி கொசுவத்தை இழுத்து இழுத்து விட்டாள். சித்தப்பா எச்சரிக்கையாக ஐந்து படம் எடுத்தார். அதோடு அம்மா திருப்தியாகி, கழனியில் நடவு ஆட்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நைனா ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்.

மிச்சம் முப்பத்தோரு படம். அந்த வருடம் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் குச்சி மனிதனை வரைந்து, கட்டை விரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அவன் குட்டிக்கரணம் போடுவான். கணக்கு நோட்டில் போடுவான், சரித்திர நோட்டில் போடுவான், ஒரு தடவை வகுப்பில் போட்டபோது டீச்சர் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றினார். குச்சி மனிதனுக்குப் பதிலாக நிஜமான ஆளைக் கேமராவில் அப்படி எடுக்க முடியுமா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவருக்கும் என்னைவிடப் பெரிய வயதில்லை என்று நினைக்கும்படி உற்சாகம் வந்துவிட்டது.

கன்றுக்குட்டியை ஓடவிட்டு எடுப்பது என்று முடிவானது. ஒரு படம் எடுத்துவிட்டுச் சித்தப்பா பிலிமை நகர்த்துவதற்குள் கன்று வைக்கோல் போருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. முதல் படத்தில் முழுக் கன்று, இரண்டாவதில் பின்பாதி, மூன்றாவதில் வால்.

அப்போது நாற்காலியிலிருந்து அக்கா சொன்னாள்: "நான் நடக்கறேன். எடுங்க சித்தப்பா."

சித்தப்பா கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. நான் குச்சியை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் ஓடி, ஒரு சாணுக்கு ஒரு கோடாக இருபத்தெட்டுக் கோடுகளைத் தரையில் கிழித்தேன். ஒவ்வொரு கோட்டிலும் அக்கா நிற்க வேண்டும், சித்தப்பா எடுக்க வேண்டும், பிறகு அடுத்த கோடு. கன்றுக்குட்டியைப் போல அவள் ஓடிவிட மாட்டாள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அக்கா நின்ற விதத்தில் அவளுடைய இடது பக்கம் கேமராவைப் பார்த்து இருந்தது. அந்தக் கோடியிலிருந்து வரும்படி சித்தப்பா சொன்னார்; அப்போது வலது கால் முன்னால் தெரியுமாம். அக்கா இடத்தை விட்டு நகரவில்லை.

"நிறுத்தி நிறுத்திதான எடுக்கறோம்," என்றார் சித்தப்பா மெதுவாக. "ஒவ்வொரு கோட்லயும் நேரா நின்னுக்கோம்மா. போட்டோல ஒண்ணுமே தெரியாது."

"நான் எப்டி நடக்கறனோ, அப்டியே எடுங்க," என்றாள் அக்கா.

சித்தப்பா கேமராவைக் கண்ணில் வைத்தார். நான் கோட்டின் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். ஒன்று என்றதும் அக்கா தொடையில் கையை வைத்தாள். இரண்டு என்றதும் சாய்ந்தாள். சாய்ந்தபடியே, சித்தப்பா பிலிமை நகர்த்தி மறுபடி கண்ணை வைத்துப் பார்க்கும் வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும். நடப்பதைவிட அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மேலுதட்டில் வியர்வை பூத்துவிட்டது. பதினாறாவது கோட்டில் தடுமாறி, ஓடிப்போன என் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படத்தில் அவள் கைக்கு அடியில் என் ரிப்பன் தெரியும். இருபதுக்குப் பக்கத்தில் ஒரு மேகம் வந்து போனது. இருபத்தெட்டும் முடிந்ததும் அவள் கல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க," என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

சித்தப்பா ஊருக்குத் திரும்பும் வழியில் பிலிமை உத்திரமேரூர் ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து நைனாவும் நானும் வாங்கப் போனோம். ஸ்டுடியோக்கார பாய், உட்கார்ந்திருக்கும் படத்தில் நல்லதாக ஒன்றைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். மற்றதையெல்லாம் ஒரே தாளில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வரிசையாக அச்சடித்திருந்தார்.

"கேமரா எங்கியோ மாட்டிக்கிச்சு போலக்கீது," என்றார் நைனாவிடம் அனுதாபமாக. "ஒரே பொண்ணு, ஒரே எடம். ரோலே பேஜாராப் பூட்ச்சு."

இரவல் பொருள் அப்படித்தான் இருக்கும் என்று நைனா பதில் சொன்னார். பெரிய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பஸ் முழுக்க அதையே பார்த்து வந்தார். சின்னப் படங்களின் தாள் என் மடியில் இருந்தது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவு அட்டைகளாக வெட்டினேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படத்தை மைதா பசையால் ஒட்டி, காய்ந்ததும் அடுக்கி, ஒரு பக்கம் நூலால் இறுக்கிக் கட்டினேன். கட்டை விரலை வைத்து விட்டேன். பூகம்பம். வைக்கோல் போர் குதித்தது, கொட்டகை மேலும் கீழுமாக ஆடியது, தென்னை மரம் அட்டைக்கு வெளியே போய்விட்டுத் திரும்பியது. சித்தப்பா கேமராவைக் கையில்தானே பிடித்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் உலகம் கொஞ்சம் இடம் மாறி விழுந்திருந்தது. அந்த அமளிக்கு நடுவில் அக்கா நடக்கிறாளா, நிற்கிறாளா, பறக்கிறாளா என்று ஒன்றும் தெரியவில்லை. நான் அழுதேன். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

இரண்டு நாள் அந்த அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஆடுகிறது, சரி. நிஜத்தில் ஆடாதது எது? கொட்டகையின் முன்கம்பம் ஆடாது. கல் தொட்டி ஆடாது. அவை இரண்டும் எல்லா அட்டையிலும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடாதா?

படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தேன். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து இரண்டு ஊசி. ஒவ்வொரு படத்திலும் கம்பத்தின் உச்சியில் ஒரு குத்து, தொட்டியின் மூலையில் ஒரு குத்து. பிறகு புது அட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, ஒரே தடவையில், ஒரே இடத்தில் இரண்டு துளை. அட்டையின் துளையில் ஊசிகளை நிறுத்தி, அதே ஊசிகளில் படத்தின் துளைகளைக் கோத்து இறக்கி, பசை வைத்து அழுத்தி, பிறகு ஊசியை உருவ வேண்டும். படங்கள் அட்டையில் கோணல்மாணலாகத்தான் உட்கார்ந்தன. ஒன்று மேலே ஏறியிருந்தது, ஒன்று ஓரமாக ஒதுங்கியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிளேடால் சீவிவிட்டேன். எல்லாம் சேர்த்துப் பதினோரு நாள். விரலில் குத்து இல்லாத இடமில்லை.

மறுபடி விட்டுப் பார்த்தேன். வைக்கோல் போர் நின்றது. கம்பம் நின்றது. அக்கா நடந்தாள்.

மேகம் வந்த இடத்தில் ஒரு கணம் மங்கி வெளுத்தது, ரிப்பன் ஒன்று மின்னி மறைந்தது. மற்றபடி அது அக்காவேதான். கை தொடையில் இறங்கியது, தோள் சாய்ந்தது, கால் வளைந்து வந்தது, நிமிர்ந்தாள், மறுபடி கை இறங்கியது. எத்தனையோ வருடம் அவள் பக்கத்தில் நடந்திருக்கிறேன். அவ்வளவு சாய்கிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பூகம்பம் இருந்தவரையில் அது தெரியவில்லை. எல்லாம் அசையாமல் நின்ற பிறகு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

எனக்கு அது என் வேலையில் வந்த பிசிறு போலத் தோன்றியது. இவ்வளவு சுத்தமாகச் செய்துவிட்டு இதை மட்டும் ஏன் விட வேண்டும்? நூலை அவிழ்த்து, அதிகமாகச் சாய்ந்திருந்த எட்டு அட்டைகளை உருவிவிட்டு, மிச்சத்தைக் கட்டினேன். இப்போது அக்கா சாயவில்லை. கொலு பொம்மையை யாரோ நகர்த்தி நகர்த்தி வைப்பதைப் போல, நிமிர்ந்தபடியே விலுக்கென்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனாள்.

அதை எடுத்துப்போய் அவளிடம் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டு இரண்டு தடவை விட்டுப் பார்த்தாள்.

"நடுவுல இருந்ததுலாம் எங்க?"

"அது நல்லால்ல. எடுத்துட்டேன்."

அக்கா முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"அத்தயும் வை," என்றாள். "அதுவும் நான் நடந்ததுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கோபமாகச் சொல்லவில்லை. எட்டு அட்டைகளையும் அதனதன் இடத்தில் திரும்பச் செருகிக் கட்டினேன்.

உட்கார்ந்திருக்கும் போட்டோ தாமலில் பிடித்துப்போய், நாள் பார்த்துப் பையனும் அவருடைய அப்பா அம்மாவும் தரகரோடு வந்தார்கள். அன்று காலை எனக்குத் தலை பின்னிவிடும்போது, காப்பி கொடுக்கையில் டம்ளரோடு அந்த அட்டைப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுக்கும்படி அக்கா சொன்னாள். பையனின் அம்மாவிடமா என்று கேட்டேன். இல்லை, அவரிடம் என்றாள். என் கைவேலையை வெளியூர் வரைக்கும் தெரியப்படுத்த அவள் ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தாமல்காரர் ஒல்லியாக இருந்தார். நகக்கண்ணில் கருப்பாக கிரீஸ். ஒரு கையில் டம்ளரை வாங்கிக்கொண்டு, மறுகையில் வந்த அட்டைக் கட்டைப் புரியாமல் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். டர்ரென்று விட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை விட்டார். மூன்றாவது தடவை அட்டை அட்டையாக, மோட்டாரின் உள்பாகத்தைப் பார்க்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த அம்மாவுக்கு அப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அவள் கவனிக்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். நைனா ஒன்றும் தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மா என்னவென்று கேட்டு வாங்கினாள். அவளுக்கு விடத் தெரியவில்லை. ஏதோ ஓர் அட்டையில் திறந்து பார்த்துவிட்டு, மாட்டுக்கொட்டகை நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அவர் தன் அம்மாவின் விரலைப் பிடித்து அட்டைகளின் மேல் வைத்து, தானே விட்டுக் காட்டினார். அந்த அம்மா பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். தரகர் கூரையைப் பார்த்தார்.

"இத்த யாரு பண்ணது?" என்று கேட்டார் தாமல்காரர்.

நான்தான் என்றேன்.

"பின்னால கீற கம்பம் கொஞ்சங்கூட ஆடல. எப்டி?"

இரண்டு ஊசியையும் பற்றி அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். பசை பற்றியும், ஊறவைத்து உரித்தது பற்றியும், ஸ்டுடியோ பாய் சொன்னது பற்றியும் சொன்னேன். அவ்வளவு பெரியவர்கள் இருந்த இடத்தில் யாருமே என்னைப் பேசாதே என்று சொல்லாதது அன்று ஒருநாள்தான். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் தடவையாக அக்காவிடம் பேசினார்.

"குடுக்கச் சொன்னது நீங்களா?"

"நான்தான்," என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுத் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அம்மா முன்னால் ஓரடி வந்து நின்றுவிட்டாள். அக்கா தொடையில் கையை வைத்து, சாய்ந்து நிமிர்ந்து, எட்டு ஒன்பது அடி நடந்துபோய், தாமல்காரர் கீழே வைத்திருந்த டம்ளரை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள். "வேற கொண்டாறேன்."

அம்மாவைத் தாண்டி உள்ளே போனாள். புதுக் காப்பியோடு நடந்து வந்தாள். ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. அவர் அதை உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எல்லோரும் சொல்வதைத்தான் இவர்களும் சொல்லிக் கிளம்பினார்கள். கிளம்பும்போது அவர் என் புத்தகத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் நைனாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பஸ் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். "உன்ன யாருடி இத்தையெல்லாம் காட்டச் சொன்னது?"

"என்னயக் கேளும்மா," என்றாள் அக்கா. "எப்டியும் அவங்க வூட்ல போயி நான் நடக்கத்தானே போறேன்."

அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் எங்கள் இருவரோடும் அவள் பேசவில்லை. சோறு ஆகிவிட்டது என்பதைக் கன்றுக்குட்டியிடம் சத்தமாகச் சொல்லுவாள். நாங்கள் போய்ச் சாப்பிடுவோம்.

பதின்மூன்றாம் நாள் பையனின் அப்பா மட்டும் காலை பஸ்ஸில் வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு, பூ. பையனுக்கு இந்த இடமே போதுமாம், வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். முதலில் அவன் அம்மாதான் யோசித்தாளாம். தளும்பாத காப்பியை அவளும்தானே பார்த்தாள் என்று சொல்லிச் சிரித்தார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சானது. அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டு வந்து, எல்லாம் அம்மன் செயல் என்றாள். எல்லாம் இரண்டு ஊசியின் செயல் என்று எனக்குத் தெரியும். கோடி வீட்டுப் பெண்ணுக்கும் வெகுநாளாக இடம் அமையாமல் இருந்தது. அவளுக்கும் ஒரு புத்தகம் செய்து தருவதாக அன்றைக்கே போய்ச் சொல்லி, என்ன கோளாறு இருக்கிறது என்று விசாரித்தேன். அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

ஆனால் என் புத்தகம் என்ன ஆயிற்று? பெரியவர் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்ததுமே கேட்டுவிட்டேன்.

"அதுவா," என்றார். "மோட்டார் கழட்டப் போற எடத்துக்கெல்லாம் எடுத்துக்கினு போறான். கேட்டா தர மாட்டேன்றான்."

எனக்கு வயிறு எரிந்தது. பதினோரு நாள் வேலை. கிரீஸ் கையால் விட்டுக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தோட்டத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவிடம் ஓடினேன். உன் படத்தையெல்லாம் அந்த ஆள் அபகரித்துக்கொண்டார், போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாராம், திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லை, உடனே நைனாவை விட்டு ஒரு கடிதம் எழுதச் சொல் என்றேன்.

அக்கா கையை நிறுத்தினாள். பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறாராம் என்று மறுபடி சொன்னேன். ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கழுநீர் கன்னத்தில் வழிந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள். மூன்றாவது தடவையும் என்னைச் சொல்லச் சொன்னாள்.

தன் பொருளைப் பறிகொடுத்த ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட இதில் என்ன இருக்கிறது? என்னைவிட எட்டு வயது மூத்தவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று அவளுக்காக நான் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.